வயிற்றில் வைத்த கால்

ஜும்மாத் தொழுகைக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் கம்பெனி வாசலில் செல்லக்கிளி ஸ்கூட்டரை நிறுத்தினாள். முன்னால் ஒரு சாக்கு மூட்டை. தோளில் சுருட்டிய கயிறு.

சித்திரை வெயில். சந்தில் தார் இளகிக் கிடந்தது. மீன்காரர்கள் காலையில் திருப்பிப் போட்டுவிட்டுப் போன பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பழுப்பு நிறத்தில் குழம்பு மாதிரி ஏதோ தேங்கி நின்றது. அதன் மேல் ஈக்கள் நடந்துகொண்டிருந்தன.

முதலாளி பரக்கத் அலி தொப்பியைச் சரிசெய்தபடி வெளியே வந்தார்.

"வாம்மா. நாங்க தொழுதுட்டு வர்ற வரைக்கும் ஐஸ் ரூமுக்குள்ள ஒருத்தரும் வர மாட்டாங்க. கதவு உள்ளேருந்து தள்ளினா திறந்துக்கும், பயப்பட வேணாம்."

"எனக்கென்ன பயம் அங்கிள். உங்க பொண்ணுக்குத்தான் மூக்கு பயப்படுது."

கல்லா மேஜைக்குப் பின்னால் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஆலியா முறைத்தாள்.

பரக்கத் அலியின் ஒரே மகள் ஆலியா. காலேஜ் முடித்து நான்கு வருடமாக அந்தக் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கண் முன்னால் நாள் முழுக்க ஐஸ் கட்டிகள் போகும், வரும். தானாக வானத்திலிருந்து விழுந்த பனியை ஒரு தடவையாவது மிதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு எப்படி வந்ததென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வந்துவிட்டது. உத்தரகாண்டில் மலையேறப் பழக்கும் முகாம் ஒன்றில் இரண்டு வருடம் காத்திருந்து இடமும் கிடைத்துவிட்டது.

அம்மா ஜஹானாரா முடியாது என்றாள். அத்தா யோசித்தார்.

கைலாசபுரத்தில் இருக்கும் செல்லக்கிளி இரண்டு முறை அந்த மலைகளுக்குப் போய் வந்தவள். ஒரு ஸ்கூலில் பி.டி. டீச்சர். இந்த வருடம் அவளும் அதே முகாமுக்கு உதவிப் பயிற்சியாளராகப் போகிறாள். "அந்தப் பொண்ணு உனக்கு இங்கேயே அடிப்படையைச் சொல்லித் தரட்டும். அவ சரின்னு சொன்னா போ. இல்லேன்னு சொன்னா, கல்லாவப் பாரு," என்று முடித்துவிட்டார் அத்தா.

ஆலியாவின் மலை முழுக்க இப்போது செல்லக்கிளியின் ஒரு சொல்லில் இருந்தது.

ஐஸ் அறையின் கதவு ஒரு சாண் தடிமன். திறந்ததும் வெள்ளைப் புகை காலடியில் உருண்டு வந்தது. உள்ளே சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஐஸ் கட்டிகள். மூலையில் மிஷினில் அரைத்த ஐஸைக் கொட்டி, சரிவாக ஒரு மேடு கட்டியிருந்தார்கள். மங்கலாக ஒரு பல்பு. அம்மோனியா நெடியும், ஈரச் சாக்கு நாற்றமும், எங்கோ செதிலோடு உறைந்துபோன மீனின் கவிச்சியும் கலந்து தொண்டையில் ஒட்டின. ஒரு கட்டிக்குள் கரப்பான் பூச்சி ஒன்று மீசையை விரித்தபடி உறைந்திருந்தது.

"இந்தத் தண்ணியத்தானே சர்பத்துல போட்டுக் குடிக்கிறோம்," என்றாள் ஆலியா.

"நீ குடிக்கிறியா?"

"நான் எங்க வீட்டு டம்ளரையே ரெண்டு தடவ கழுவிட்டுத்தான் குடிப்பேன்."

"அப்ப இதப் பாரு," என்று செல்லக்கிளி சாக்கை அவிழ்த்தாள்.

ஒரு ஜோடி பூட்ஸ் விழுந்தது. வெளியே கெட்டி பிளாஸ்டிக். உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கும்படி தடித்த பஞ்சுத் துணியில் இன்னொரு பூட்ஸ். மலையடிவார ஊரில் பழைய சாமான் கடையில் வாங்கியதாம்.

"யாரு போட்டது?"

"பத்து பேர் போட்டிருப்பாங்க. புதுசு வாங்க உங்கப்பா ஐஸ் கம்பெனிய வித்தாத்தான் உண்டு."

ஆலியா உள் பூட்ஸை இரண்டு விரலால் தூக்கி முகர்ந்தாள். அது வெறும் வியர்வை நாற்றம் இல்லை. பல நாள் பிரிக்காத கட்டுத் துணியின் நாற்றம். கையை உள்ளே விட்டாள். துணி ஈரமாக இல்லை. ஆனால் எடுத்த விரல்கள் பிசுபிசுத்தன.

வீட்டுக்குக் கொண்டுபோய் டெட்டாலில் ஊறப்போட்டாள். மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் காயவைத்தாள். சாம்பிராணி காட்டினாள். ஒரு நாள் முழுக்க வாசனை இருக்கும். மறுநாள் காலை அதே நாற்றம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்.

அம்மா அதைப் படியோரத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். "தொழுகை நடக்குற வீடு. இத உள்ள கொண்டு வந்தே, உன்னையும் சேத்து வெளிய வச்சிடுவேன்."

மற்றவையெல்லாம் ஆலியாவுக்கு நன்றாகவே வந்தன. பூட்ஸின் அடியில் இரும்புப் பற்களைக் கட்டிக்கொண்டு, சரிவில் பாதத்தைத் தட்டையாக வைத்து ஏறக் கற்றாள். முன்பல்லை உதைத்து ஊன்றக் கற்றாள். வழுக்கி விழுந்தால் குப்புறப் புரண்டு, கையில் இருக்கும் ஐஸ் கோடரியின் அலகைத் தோளுக்குக் கீழே ஐஸில் குத்தி, அதன்மேல் நெஞ்சைச் சாய்க்க வேண்டும். பாதங்களை மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். இரும்புப் பல் ஐஸில் மாட்டினால் ஆளையே கரணம் அடிக்கவைத்துவிடும்.

"கால தூக்குடி, கால தூக்கு," என்று செல்லக்கிளி கத்திக்கொண்டே இருப்பாள். மேட்டிலிருந்து விழுந்து விழுந்து ஆலியாவின் முழங்கை கன்றிப்போனது. ஆனால் அவள் சிரித்தாள். கோடரி ஐஸைக் கடித்து, உடம்பு சட்டென்று நிற்கும் அந்தக் கணம் அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமைதான் சிக்கல் வந்தது.

செல்லக்கிளி சாக்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை ஐஸ் கட்டியின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாதம் வெளுக்கும் வரை காத்திருந்தாள்.

"மேல போனா கால் மரத்துப் போகும். விரல்ல உணர்ச்சி போச்சுன்னா உடனே சூடு குடுக்கணும். நெருப்புல காட்டக் கூடாது, வெந்துடும். தேய்க்கக் கூடாது, உரிஞ்சுடும். கூட இருக்கறவங்க வயித்துல வச்சுக்கணும். சட்டைக்குள்ள. தோலோட தோலா."

"யாரு வயித்துல?"

"இப்போ உன் வயித்துல."

ஆலியா சட்டையைப் பாதி தூக்கினாள். செல்லக்கிளியின் பாதம் அடிவயிற்றைத் தொட்டது. குளிர்ந்த, ஈரமான, இன்னொருத்தியின் பாதம். விரலிடுக்கில் ஒட்டியிருந்த சாக்ஸ் நூல். அடித்தோலின் சொரசொரப்பு.

ஆலியா எகிறி நகர்ந்தாள்.

"சீ. என்னால முடியாதுக்கா."

"கழுவின காலுதான்."

"கால் கால்தானே. யார் மேலயாவது தெரியாம கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறாங்க. அத எடுத்து வயித்துல வைன்னா?"

செல்லக்கிளி சிரிக்கவில்லை. சாக்ஸை மாட்டிக்கொண்டாள்.

"ஆலியா, விழுந்தா நிக்கத் தெரிஞ்சுடுச்சு உனக்கு. முடிச்சு போடத் தெரியுது. அதெல்லாம் ஒருத்தி தனக்காகக் கத்துக்கறது. இது கூட வர்றவளுக்காக. மேல உன் கயித்துல நான் கட்டியிருப்பேன். என் கால் மரத்துப் போச்சுன்னா நீ சீன்னு சொல்லிட்டுத் தள்ளிப் படுத்தேன்னு வையி, காலையில எனக்கு விரல் இருக்காது. இது வரலேன்னா உங்கப்பாகிட்ட நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. இங்கேயே டெண்ட் போட்டுப் படுப்போம். விளக்கு இருக்காது. நான் எப்ப வேணாலும் கால நீட்டுவேன். நீ பிடிச்சுக்கணும். அவ்வளவுதான் பரீட்சை."

அந்த ஒரு வாரம் ஆலியா தன் வயிற்றைத் தானே பழக்கினாள். ஈரத் துணியை வைத்துப் பார்த்தாள். ஃப்ரிட்ஜில் இருந்த கோழியை எடுத்து, பாலிதீன் பையோடு, கண்ணை மூடிக்கொண்டு வைத்துப் பார்த்தாள். அம்மா பார்த்துவிட்டு அந்தக் கோழியைத் தூக்கிப் பூனைக்குப் போட்டாள்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது.

பாங்கு சொன்னது. மிஷின்காரர் முதல் கட்டி சுமப்பவர் வரை எல்லோரும் பள்ளிவாசலுக்கு நடந்தார்கள். சந்து அடங்கியது. வெளியே கண் கூசும் நடுப்பகல். உள்ளே ஐஸ் கட்டிகளை இறக்கித் தளமாகப் பரப்பி, அதன்மேல் சின்ன டெண்ட் ஒன்றைச் செல்லக்கிளி நிறுத்தியிருந்தாள். சுவரில் தொங்கிய மானி மைனஸ் ஆறு காட்டியது.

"வெளி பூட்ஸ் டெண்ட் வாசல்ல கிடக்கட்டும். உள் பூட்ஸ உன் கூடவே தூக்கப் பையில வச்சுக்கோ. நாள் பூரா நடந்த வேர்வை அதுல இருக்கும். வெளிய விட்டா ராத்திரியில கல் மாதிரி உறைஞ்சுடும். காலையில அதுல கால விட்டா, விரல் போச்சு. மறந்துடாத. எல்லாரும் இதுலதான் கோட்டை விடுவாங்க."

"தூக்கப் பைக்குள்ளேயா? மூஞ்சிக்குப் பக்கத்துலயா?"

"காலுக்குப் பக்கத்துல வச்சுக்கோ ராணி."

செல்லக்கிளி முதலில் உள்ளே நுழைந்து தன் பைக்குள் புகுந்துகொண்டாள். ஆலியா டெண்ட் வாசலில் உட்கார்ந்து உள் பூட்ஸைக் கழற்றினாள். நாற்றம் மூக்கில் ஏறியது. படுக்கைக்குள் செருப்பு. நினைக்கும்போதே முதுகுத் தோல் சுருங்கியது. பிறந்ததிலிருந்து வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தானே எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறாள்?

இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது.

இரண்டையும் வெளியே, வாசலுக்குப் பக்கத்தில், வீட்டில் வைப்பதுபோலவே ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். பிறகு உள்ளே வந்து ஜிப்பை இழுத்தாள்.

"வச்சுக்கிட்டியா?"

"ம்."

செல்லக்கிளி டார்ச்சை அணைத்தாள். வெளியே பல்பை ஏற்கெனவே அணைத்திருந்தார்கள்.

அப்படி ஒரு இருட்டை ஆலியா பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். அடியில் ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று உராய்ந்து முனகின. தூரத்தில் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுகூடத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. மூச்சின் சூட்டில் பை கதகதத்தது. அவள் கண்ணயர்ந்தாள்.

எது எழுப்பியது என்று தெரியவில்லை.

மிஷின் சத்தம் அப்படியே இருந்தது. ஆனால் டெண்டுக்குள் அந்த நாற்றம் நிறைந்திருந்தது. பிரிக்காத கட்டுத் துணியின் நாற்றம்.

வலது பக்கம், செல்லக்கிளி படுத்திருந்த பக்கம், தன் பையின் ஜிப் மெதுவாக இறங்குவதை ஆலியா கேட்டாள்.

பல் பல்லாக இறங்கியது.

பரீட்சை, என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவின் முகமும் கல்லா மேஜையும் நினைவுக்கு வந்தன. சட்டையைத் தானே தூக்கினாள்.

ஒரு பாதம் உள்ளே வந்தது.

வயிற்றில் பதிந்தது.

ஆலியா உதட்டைக் கடித்தாள். போன வாரம் வைத்த பாதத்தைவிட இது பல மடங்கு குளிர்ந்திருந்தது. குளிர் என்பதைவிட அது ஒரு கடி. தோல் அதில் ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் அந்தக் காலைப் பிடித்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

கெட்டியாக இருந்த பாதம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

இளக இளக ஈரமானது. ஊறவைத்த அப்பளம்போல அதன் மேல்தோல் அவள் உள்ளங்கையில் நழுவியது. உள்ளே இருந்த எலும்பு தனியாகவும், மேலே இருந்த தோல் தனியாகவும் அசைந்தன. கொழகொழவென்று ஏதோ அவள் வயிற்று மடிப்பில் வழிந்து, இடுப்புப் பக்கம் ஓடியது. வாயைத் துப்பட்டாவால் அடைத்துக்கொண்டாள்.

தண்ணீர்தான். ஐஸ் உருகின தண்ணீர்தான். அக்கா வேண்டுமென்றே ஏதோ பூசியிருக்கிறாள்.

"அக்கா," என்று மெல்லக் கேட்டாள். "போதுமா?"

பாதம் இன்னும் அழுத்தமாகப் பதிந்தது.

"எவ்வளவு நேரம்க்கா?"

இருட்டில், அவள் காதுக்கு மிக அருகில், யாரோ மூச்சை இழுத்தார்கள். பல நாளாகப் பேசாத தொண்டை.

"இன்னும்."

ஆலியா கையை நகர்த்தி விரல்களைத் தடவினாள். மரத்துப்போனால் விரல்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று செல்லக்கிளி சொல்லியிருந்தாள். பெருவிரல் இருந்தது. அடுத்தது இருந்தது.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கொழகொழப்பான ஒரு விளிம்புதான்.

அப்போது ஐஸ் அறையின் கதவு திறந்தது. நடுப்பகல் வெளிச்சம் டெண்ட் துணியில் ஆரஞ்சாகப் படர்ந்தது.

"ஆலியா, எந்திரி. உள்ள சிக்னல் விட்டு விட்டுத்தான் வருது. ஸ்கூல்லேருந்து போன் மேல போன், வெளியிலேயே நின்னு பேசிட்டேன். நீ நல்லா குறட்டை விட்டே."

செல்லக்கிளியின் குரல். கதவுப் பக்கத்திலிருந்து.

வயிற்றின் மேல் அந்தப் பாதம் இன்னும் இருந்தது.

ஆலியாவால் குனிந்து பார்க்க முடியவில்லை. கையை எடுக்கவும் முடியவில்லை. செல்லக்கிளியின் காலடிச் சத்தம் நெருங்க நெருங்க, அந்தப் பாதம் அவசரமில்லாமல், விருந்துக்கு வந்தவர் எழுந்து போவதுபோல, வயிற்றிலிருந்து விலகி, தொடையைத் தடவிக்கொண்டு, பைக்கு வெளியே போனது.

டெண்ட் வாசலைத் திறந்த செல்லக்கிளி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்கள் கீழே இறங்கின.

தொப்புளுக்குக் கீழே ஒரு பாதத்தின் அச்சு. மெழுகுபோல வெளுத்து, விளிம்பில் சிவந்திருந்தது. குதிகால், உள்வளைவு, இரண்டு விரல். இடுப்பிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு நீர் கோடாக வழிந்து காய்ந்திருந்தது.

செல்லக்கிளி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். அப்படிப்பட்ட வெளுப்பை அவள் மலையில் பார்த்திருக்கிறாள். விரல்களில், மூக்கு நுனியில். வயிற்றில் பார்த்ததில்லை.

"உள் பூட்ஸ் எங்க?"

ஆலியா வெளியே கை காட்டினாள்.

மைனஸ் ஆறு டிகிரியில் கிடந்த பூட்ஸ் உறைந்திருக்கவில்லை. செல்லக்கிளி ஒன்றுக்குள் கையை விட்டாள். உடனே எடுத்தாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ காலை எடுத்துவிட்டுப் போனதுபோல.

"வெளிய வச்சா, கூப்பிட்ட மாதிரின்னு அங்க கேம்ப்ல சொல்வாங்க," என்றாள் மெதுவாக. "நான் சிரிச்சிருக்கேன்."

ஆலியா டெண்டுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். வாந்தி ஐஸின் மேல் ஆவி பறந்து, பிறகு உறைந்தது.

தொழுகை முடிந்து பரக்கத் அலி அத்தர் மணக்க வந்தார். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"என்னம்மா, தேறிட்டாளா?"

செல்லக்கிளி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இந்த வருஷம் வேணாம் அங்கிள்."

"ஏன்?"

"இன்னும் கொஞ்சம் பழகணும்."

பரக்கத் அலிக்கு உள்ளூர நிம்மதி. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை மறைத்துக்கொண்டு, டீ சொல்லப் போனார்.

ஆலியா செல்லக்கிளியை ஸ்கூட்டர் வரை விரட்டிப் போனாள்.

"பிடிச்சுக்கிட்டேன்கா. சீன்னு சொல்லல, தள்ளல, கத்தல. அதானே பரீட்சை? கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"அதனாலதான்."

"என்னக்கா நியாயம் இது?"

செல்லக்கிளி பூட்ஸைச் சாக்கில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினாள்.

"ஒரு தடவ இடம் குடுத்துட்டடி. மேல நீயும் நானும் ஒரே கயித்துல போகணும். உன் கயித்துல ஏற்கெனவே ஆள் இருக்கு. நான் எங்க கட்டிக்கிறது?"

அன்று மாலையே அவள் ஸ்ரீரங்கம் தாண்டிப் போய், கொள்ளிடம் பாலத்திலிருந்து சாக்கை ஆற்றில் வீசினாள். வீசிவிட்டதாக ஆலியாவுக்குப் போன் செய்தாள். அதற்கப்புறம் போன் செய்யவில்லை. மே மாதம் வேறொரு பெண்ணை அழைத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

ஆலியா கல்லாவுக்குத் திரும்பினாள்.

பூட்ஸ் போய்விட்டது. பாதம் போகவில்லை.

மத்தியானத் தூக்கத்தில் வந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தாலும் வந்தது. சட்டைக்கு அடியில் நுழைந்து, அதே இடத்தில், அதே அச்சில் பொருந்தி உட்காரும். உருகும். வழியும். எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, சுடிதார் நாடாவில் ஒரு பழுப்புக் கறையைத் தவிர. சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து வயிறு புண்ணாகிவிட்டது. சாப்பாட்டை வாய்க்குக் கொண்டு போனால் அந்த நாற்றம் வந்தது. பாதி உடம்பாகிவிட்டாள்.

ஜூன் முதல் வாரம் இடது கால் சுண்டுவிரலில் உணர்ச்சி போனது. மறுநாள் நீலம். அதற்கு மறுநாள் கறுப்பு, காய்ந்த திராட்சைபோலச் சுருங்கி.

பாலக்கரை டாக்டர் அதைக் குண்டூசியால் குத்திப் பார்த்தார்.

"சுகர் இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"வீட்ல யாருக்காவது?"

"யாருக்கும் இல்ல."

சுகர் டெஸ்ட் எடுத்தார்கள். இல்லை. இன்னொரு முறை எடுத்தார்கள். இல்லை. வடநாட்டில், பனிப் பிரதேசத்தில் ஏதும் இருந்துவிட்டு வந்தாளா என்று டாக்டர் கேட்டார். வெளியே நூற்றி ஆறு டிகிரி வெயில். ஜஹானாரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெளியே வந்ததும், எதிரே மருந்துக் கடை வாசலில் தொங்கிய இடுப்பு பெல்ட்டை ஆலியா பார்த்தாள். முதுகு வலிக்காரர்கள் கட்டிக்கொள்ளும் பட்டையான பெல்ட். நெஞ்சுக்குக் கீழிருந்து இடுப்பு வரை மூடும். வாங்கினாள். மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினாள்.

அன்று வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. வியர்த்துக் கொட்டியது, பெல்ட்டுக்கு அடியில் வேர்க்குரு வெடித்தது. ஆனால் ஆலியா இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டாள். புழுக்கம் தாங்காமல் இரவில் மொட்டை மாடியில் போய்ப் படுத்து, மாடிக் கதவைத் தன் பக்கமாகத் தாழிட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. சுண்டுவிரல் இல்லாமலும் மலை ஏறலாம்.

காலையில் அம்மா அடுப்படியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையால் டீ வடிகட்டிக்கொண்டே மறு கையால் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, இருபத்தஞ்சு வயசாகுது. சின்னப் புள்ள மாதிரி பாதித் தூக்கத்துல வந்து பக்கத்துல படுத்துக்கிறதும், என் வயித்துல கால போட்டுக்கிறதும்."

ஆலியா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கழுவாத காலு. ச்சே. சேத்துல மிதிச்ச மாதிரி. தள்ளித் தள்ளி விடுறேன், மறுபடி மறுபடி கொண்டாந்து வைக்கிற. குளிச்சுட்டு வந்தும் போகல பாரு, என்னமோ ஒட்டிக்கிட்டே இருக்கு."

அம்மாவின் புடவை மடிப்புக்குக் கீழே, வெளுக்கத் தொடங்கியிருந்த ஒரு வளைவு தெரிந்தது.

"நீதானே வந்து படுத்தே?" என்றாள் ஜஹானாரா, திடீரென்று கையை நிறுத்திவிட்டு.

"ஆமாம்மா," என்றாள் ஆலியா. "நான்தான். மாடியில கொசு."

அன்று வெள்ளிக்கிழமை. பாங்கு சொன்னதும் அத்தா பள்ளிவாசலுக்குப் போனார். அம்மா வீட்டிலேயே தொழுகையை முடித்துவிட்டு, சாப்பிட்டு, கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்துக் கண்ணயர்ந்தாள். அவளுடைய மெல்லிய குறட்டை கேட்கத் தொடங்கியது.

ஆலியா ஜன்னல்களைச் சாத்தினாள். அம்மாவுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து படுத்தாள்.

பெல்ட்டின் பிடிப்பைப் பிரித்தாள். சரக்கென்ற சத்தம் கூடத்தில் பெரிதாகக் கேட்டது. அம்மா புரண்டு படுத்தாள்.

துப்பட்டாவின் நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். சட்டையை மேலே தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றை எக்கி, அந்தக் கடிக்காக, அந்தக் கொழகொழப்புக்காகக் காத்திருந்தாள்.

நாற்றம் முதலில் வந்தது.

அவளைத் தாண்டி அம்மா பக்கம் போகிறதோ என்று ஒரு நொடி பயந்தாள். பாயின் விளிம்பு அழுந்தியது. அது தயங்கி நின்றது.

"இங்க," என்றாள் ஆலியா, துணியைக் கடித்த வாயோடு.

பாதம் அவள் வயிற்றில் ஏறியது.

அதே இரண்டு விரல் பாதம்தான். ஆனால் இப்போது அது குளிரவில்லை. தோல் நழுவவில்லை. கெட்டியாக, சதைப்பிடிப்போடு, வெயிலில் வெகுதூரம் நடந்து வந்த ஒரு ஆளின் பாதம்போல இருந்தது.

சூடாக இருந்தது. வேர்த்திருந்தது.